எருமையைக் குடுத்து வாங்கின எஃகு

ஒரு ஊர்ல, ஊருன்னா பெரிய ஊர் இல்லை, இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கம் கேக்கும், ஈச்சங்குளம்னு பேரு, அந்த ஊர்ல பூவலிங்கம்னு ஒரு ஆளு இருந்தானாம். அவன் பொண்டாட்டி பேரு சடைச்சி. அவங்ககிட்ட ஒரு கோழி, ஒரு வெள்ளாடு, ஒரு எருமை. எருமைக்கு நெத்தியில வெள்ளையா ஒரு பொட்டு, அதனால அதுக்குச் சுட்டின்னு பேரு. சுட்டி கன்னு போட்டு ஒரு மாசம்கூட ஆகலை. கன்னுக்குட்டிக்கு இன்னும் பேரு வைக்கலை. அவ்வளவுதான் அவங்க சொத்து. பூவலிங்கத்தைக் கேட்டா, இடுப்புல இருக்கிற மடக்குக்கத்தியை முதல்ல சொல்லிட்டுத்தான் எருமையைச் சொல்லுவான்.

அந்த ஊர்ல ஆம்பளையாப் பொறந்தா இடுப்புல மடக்குக்கத்தி இருக்கணும். அதை வச்சு என்ன வெட்டுவாங்கன்னு கேக்குறீங்களா? எலுமிச்சம்பழம் நறுக்குவாங்க. சாக்குமூட்டை கட்டின சணலை அறுப்பாங்க. கால்ல முள்ளு குத்தினா நோண்டி எடுப்பாங்க. வேற ஒண்ணும் இல்லை. ஆனா பேச்சைக் கேட்டா, யானையைத் தோலுரிக்கப் போறவங்க பேச்சு மாதிரி இருக்கும். விடிஞ்சதும் குளத்துக்கரையில கூடிருவாங்க. எந்த எஃகு மழுங்காது, எந்த எஃகு துருப்பிடிக்காது, எந்த ஊர்க் கொல்லன் எத்தனை தரம் மடிச்சு அடிக்கிறான், இதே பேச்சு. பேசிப் பேசி உச்சிப்பொழுது ஆயிரும்.

கத்தி கூரா இருக்கான்னு பாக்க அவங்களுக்கு ஒரு வழி உண்டு. இடது கையில முடியைச் சிரைச்சுப் பாக்கிறது. தண்ணி தொடாம, சோப்பு போடாம, ஒரே இழுப்புல முடி விழுந்தா கத்தி நல்ல கத்தி. காலையில ஒரு தரம் பாப்பாங்க, மத்தியானம் ஒரு தரம் பாப்பாங்க, பொழுது சாயுறப்ப ஒரு தரம் பாப்பாங்க. அதனால அந்த ஊர் ஆம்பளைங்க இடது கை மட்டும் உரிச்ச பனங்கிழங்கு மாதிரி இருக்கும். வெளியூர்ல பொண்ணு கேட்டுப் போனா, பொண்ணு வீட்டுக்காரங்க முதல்ல மாப்பிள்ளையோட இடது கையைப் பாப்பாங்க. பாத்துட்டு, நல்லா மரியாதையா மோர் குடுத்து அனுப்பி வச்சிருவாங்க.

பூவலிங்கத்துக்கு இடது கை முடிஞ்சு வலது கையும் முடிஞ்சு போச்சு. அப்புறம் மச்சான் சுடலைகிட்ட கையைக் கொஞ்சம் குடு மச்சான்னு கேட்டான். சுடலை ஒரு தரம் குடுத்தான். அதுக்கப்புறம் பூவலிங்கம் தூரத்துல வந்தாலே கையைத் துண்டுக்குள்ள விட்டுக்குவான். இதெல்லாம் ஊர்க்காரங்க இட்டுக்கட்டினது இல்லை. பின்னாடி பூவலிங்கமே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னது.

இப்படி இருக்கையில ஒரு நாள் மாசிலாமணின்னு ஒரு கத்தி வியாபாரி கழுதைமேல பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்தான். வந்தவன் பெட்டியைத் திறக்கலை. பூவலிங்கத்தோட இடுப்புக் கத்தியை வாங்கிப் பாத்தான், செத்த எலியைப் பிடிக்கிற மாதிரி ரெண்டு விரலால பிடிச்சுத் திருப்பிக் குடுத்தான்.

"இதுவும் கத்திதான் அண்ணாச்சி" அப்படின்னான்.

அந்த ஒரு சொல்லு பூவலிங்கத்துக்கு நெஞ்சுல தச்சிருச்சு. அப்புறம்தான் மாசிலாமணி பெட்டியைத் திறந்து, சிவப்புப் பட்டுக்குள்ளேயிருந்து ஒரு கத்தியை எடுத்தான். ஆத்து மணல்ல அரிச்ச இரும்பாம், ஆத்து எஃகாம். பூவலிங்கம் கோழியைக் குடுத்து அதை வாங்கிட்டான்.

சடைச்சி வந்து கோழி எங்கேன்னு கேட்டா. இவன் கத்தியைக் காட்டினான்.

"இதை வச்சு என்ன வெட்டப் போறீரு?"

"எலுமிச்சம்பழம்."

"பழைய கத்தி வெட்டலையா?"

"வெட்டுச்சு. ஆனா ஏ பிள்ள, அது வெட்டுறதுக்கும் இது வெட்டுறதுக்கும் வித்தியாசம் இருக்கு."

"அது எலுமிச்சம்பழத்துக்குத் தெரியுமா?"

பூவலிங்கம் கத்தியை மடக்கி இடுப்புல சொருகினான். பொம்பளைங்களுக்கு எஃகைப் பத்தி என்ன தெரியும்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டான். வெளியே சொல்ற தைரியம் இல்லை.

ஒரு வாரம் கழிச்சு மாசிலாமணி மறுபடியும் வந்தான். ஆத்து எஃகை வாங்கிப் பாத்தான். இதுவும் கத்திதான் அண்ணாச்சி, அப்படின்னான். இந்தத் தரம் மலை எஃகு. மலைக்கு உள்ளே நூறு ஆள் ஆழத்துல தோண்டினதாம். வெள்ளாடு போச்சு.

இன்னொரு வாரம் கழிச்சு மூணாவது தரம் வந்தான். மலை எஃகைப் பாத்துட்டு வாயைத் திறக்கலை, ஒரு பெருமூச்சு மட்டும் விட்டான். பெட்டிக்கு அடியில, மூணு பட்டுக்கு உள்ளே, ஒரு கத்தி இருந்துச்சு. வானத்துலேயிருந்து விழுந்த எரிகல்லை உருக்கி, ஏழு கொல்லருங்க ஏழு நாள் அடிச்ச வானத்து எஃகாம். உலகத்துலேயே மூணே மூணுதான் இருக்காம். மழுங்கவே மழுங்காதாம். சாதாரணக் கல்லுல தீட்டவே கூடாதாம், தீட்டினா எஃகுக்குக் கோபம் வந்துருமாம். அப்படியே தீட்டணும்னா அதுக்குன்னு ஒரு கல்லு உண்டு, அடுத்த தரம் கொண்டாரேன்னான்.

பூவலிங்கம் கையை நீட்டி அதை வாங்கிக்கிட்டான். என்ன வேணும்னு கேட்டான். எருமை வேணும்னான். கன்னுக்குட்டியைப் பாத்து, அது வேண்டாம் அண்ணாச்சி, பச்சைக்குட்டியை நடத்திக் கூட்டிட்டுப் போறது பாவம்னு சொல்லி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, தாயை மட்டும் அவிழ்த்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்.

அன்னிக்குச் சடைச்சி களை வெட்டப் போயிருந்தா. திரும்பி வரையில தெருமுனையிலேயே கன்னுக்குட்டி கத்துறது கேட்டுச்சு. தொழுவத்துல தாயைக் காணோம். வாசல்ல பூவலிங்கம் புதுக் கத்தியை வச்சுக்கிட்டு, சிரைக்கிறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கான்னு தன் கால்ல தேடிக்கிட்டு இருந்தான். அவ சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தா அவனுக்கு நல்லா இருந்திருக்கும்.

"அந்தக் கத்தியைக் கன்னுக்குட்டி வாயில வையும்," அப்படின்னா. "குடிக்குதான்னு பாப்போம்."

கன்னுக்குட்டி கஞ்சித்தண்ணியைக் குடிக்கலை. துணியில நனைச்சு வாயில வச்சாலும் துப்பிருச்சு. பக்கத்து வீட்டு எருமைகிட்டக் கொண்டுபோய் விட்டாங்க, அது உதைச்சுத் தள்ளிருச்சு. முதல் நாள் கத்துச்சு. ரெண்டாம் நாள் முனகுச்சு. மூணாம் நாள் காலையில எந்திரிக்க முடியாம விலா எலும்பு தெரியப் படுத்துக் கிடந்துச்சு.

அந்த மூணு நாளும் பூவலிங்கத்துக்குக் கத்தியோட ஒரு தனிச் சங்கடம். அதை யார்கிட்டயும் சொல்ல முடியலை. முதல் நாள் தன் காலைச் சிரைச்சான், வழவழன்னு போச்சு. ரெண்டாம் நாள் மாமனார் கையைச் சிரைச்சான், போச்சு. பக்கத்துத் தெருக் கழுதையோட முதுகுல ஒரு முழம் சிரைச்சான், அதுவும் போச்சு. மூணாம் நாள் ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டினான். கத்தி தோலுமேல வழுக்கி, அப்புறம் நசுக்கி, சாறு கண்ணுல தெறிச்சுது. பழம் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டான். இன்னொரு பழத்தை எடுத்தான். அதுவும் சரியில்லை. மூணாவது பழமும் சரியில்லை. ஊர்ல எலுமிச்சம்பழமே கெட்டுப் போச்சுன்னு அவனுக்கு ரொம்ப வருத்தம்.

சடைச்சி அவன் முன்னாடி வந்து நின்னா. கன்னுக்குட்டி இன்னும் ஒரு நாள் தாங்காது, ராசாகிட்டப் போகணும்னா. மாசிலாமணி ராசா ஊர்ச் சந்தையிலதான் கடை போட்டிருக்கான்னு அவளுக்குத் தெரியும். பூவலிங்கம் வாங்கின மூணு கத்தியையும் இடுப்புல சொருகிக்கிட்டு, கன்னுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தான். அது எடையே இல்லாம இருந்துச்சு. அதுதான் அவனுக்குப் பயமா இருந்துச்சு.

சந்தையில மாசிலாமணி கடைக்குப் பக்கத்துல ஒரு முளைக்குச்சியில சுட்டி கட்டிக் கிடந்துச்சு. கன்னுக்குட்டியைப் பாத்ததும் கயித்தை இழுத்து இழுத்துக் கத்துச்சு. மாசிலாமணி கிட்டேயே விடலை. மாத்தினது மாத்தினதுதான் அண்ணாச்சி, குடுத்ததைத் திரும்பக் கேக்கலாமா, அப்படின்னான். சரி, ராசா சொல்லட்டும்னு சடைச்சி சொல்லிட்டா. மாசிலாமணி பயப்படலை. சிரிச்சுக்கிட்டே கூட வந்தான்.

அவன் ஏன் சிரிச்சான்னு அரண்மனைக்குள்ள போனதும் பூவலிங்கத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. சிம்மாசனத்துல ராசா உக்காந்திருந்தார். அவரோட இடது கை வெள்ளித்தட்டு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ராசாவைப் பாத்து மந்திரிக்கும் இடது கையில முடி இல்லை. மந்திரியைப் பாத்துத் தளபதிக்கும் இல்லை. தளபதியைப் பாத்துக் காவல்காரனுங்கள்ல ஒருத்தனுக்கும் இல்லை. இத்தனைக்கும் ராசா தன் இடுப்புக் கத்தியால எலுமிச்சம்பழம்கூட வெட்டினது கிடையாது. எல்லாம் வெட்டித்தான் தட்டுல வரும்.

ராசா வழக்கு என்னன்னு கேக்கலை. கத்தியைக் கொண்டான்னார். கையில வாங்கிப் புரட்டிப் பாத்து, "வானத்து எஃகு" அப்படின்னு மெதுவாச் சொன்னார். கத்தியை மடியில வச்சுத் தடவிக்கிட்டே இருந்தார்.

"மகாராசா, வழக்கு எருமையைப் பத்தி" அப்படின்னா சடைச்சி.

ஆமா ஆமான்னு ராசா நிமிர்ந்து உக்காந்தார். உன்னை ஏமாத்தித்தான் வாங்கினானான்னு பூவலிங்கத்தைக் கேட்டார். பூவலிங்கம் கன்னுக்குட்டியைக் கீழே கிடத்திட்டு, கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னான்:

"யாரும் என் கையைப் பிடிச்சு இழுக்கலை மகாராசா. நானே குடுத்தேன். இன்னொரு எருமை இருந்திருந்தா அதையும் குடுத்திருப்பேன். மழுங்காதுன்னு சொன்னான், மழுங்கிருச்சு. மழுங்கலை, மழுங்கலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். எலுமிச்சம்பழத்தையெல்லாம் திட்டிக்கிட்டு இருந்தேன்."

சபையில எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். சடைச்சி மட்டும் சிரிக்கலை.

மாசிலாமணி, அதெல்லாம் மழுங்காது மகாராசா, இந்த அண்ணாச்சிக்குப் பிடிக்கத் தெரியலைன்னான். அதுக்கென்ன, இப்பவே சிரைச்சுப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுதுன்னார் ராசா. சட்டையைத் தூக்கித் தன் கையை நீட்டினார். அதுல ஒரு முடி இல்லை. மந்திரி கையை நீட்டினார், அதுலயும் இல்லை. தளபதி நீட்டினார், அதுலயும் இல்லை. சபை முழுக்கக் கை நீண்டுச்சு. எல்லாம் பனங்கிழங்கு.

"அந்தா இருக்கு" அப்படின்னா சடைச்சி.

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மாசிலாமணி கை ரெண்டும் கரடி கை மாதிரி இருந்துச்சு.

ராசாவுக்கே ஆச்சரியம். "ஏலே, கத்தி விக்கிறவன் நீ. உன் கையில எப்படிலே இவ்வளவு முடி?"

நான் பாத்தாலே சொல்லிருவேன் மகாராசா, சிரைச்சுப் பாக்க அவசியம் இல்லைன்னு மாசிலாமணி இழுத்தான். அப்படின்னா பயப்பட என்ன இருக்குன்னு சடைச்சி கேட்டா. அதோட, தான் வித்த கத்திக்குத் தானே பரிஞ்சு பேசக் கூடாது, அதனால கண்ணைக் கட்டணும்னும் சொன்னா. ராசாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆத்து எஃகு, மலை எஃகு, வானத்து எஃகு மூணையும் வாங்கி வரிசையா வச்சார். சரிபாக்கச் சும்மா ஒரு கத்தியும் இருக்கட்டும்னார். அந்த நேரம் மோர் கொண்டுவந்த சமையக்காரி முப்பிடாதி இடுப்புல ஒரு கத்தி இருந்துச்சு, கத்தரிக்காய் நறுக்கிறது. அதையும் வாங்கி நாலாவதா வச்சாங்க. மாசிலாமணி கண்ணைக் கட்டி, கையைத் தூண்ல சேத்துக் கட்டினாங்க. சிரைக்கிற வேலை பூவலிங்கத்துக்கு.

முதல்ல ஆத்து எஃகு. அது முடியை அறுக்கலை, இழுத்துச்சு. மாசிலாமணி பல்லைக் கடிச்சான். ரெண்டாவது மலை எஃகு. அது இன்னும் இழுத்துச்சு. மாசிலாமணி ஒத்தைக் கால்ல நின்னான்.

மூணாவது வானத்து எஃகு. பூவலிங்கம் அதைக் கையில எடுத்தான். வழவழன்னு போயிரணும், வழவழன்னு போயிரணும்னு மனசுக்குள்ள சாமியைக் கும்பிட்டான். பாதி கும்பிட்டப்புறம்தான் அவனுக்கு உறைச்சுது. இது வழவழன்னு போச்சுன்னா மாசிலாமணி சொன்னது நிசம்னு ஆயிரும், எருமை போயிரும், காலடியில கிடக்கிற இந்தக் குட்டி பொழைக்காது. நான் என்னத்தைடா கும்பிடுறேன்னு நினைச்சான். நினைச்சும், கும்பிட்டதை நிறுத்த முடியலை. அப்படி ஒரு கிறுக்கு அது, பிள்ளைகளா. சொல்லிப் புரிய வைக்க முடியாது.

கத்தியை வச்சு இழுத்தான். முடி வேரோட வந்துச்சு. மாசிலாமணி போட்ட சத்தத்துல கன்னுக்குட்டி தலையைத் தூக்கிப் பாத்துச்சு.

நாலாவது கத்தியை வச்சான். தண்ணி ஓடுற மாதிரி போச்சு. ஒரு சத்தம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. கை முட்டியிலேருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு பாதை போட்ட மாதிரி ஆயிருச்சு. மாசிலாமணிக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

"இதான் மகாராசா, இதான் வானத்து எஃகு. இது என் சரக்கு. எனக்குத் தெரியாதா? இதுக்கு ஒரு எருமை என்ன, ரெண்டு எருமை குடுக்கலாம்" அப்படின்னான்.

கட்டை அவிழ்த்து விட்டாங்க. அவன் கண்ணுக்கு முன்னாடி முப்பிடாதியோட கத்தி. மரப்பிடி கறுத்துப் போயி, அலகுல ஒரு கத்தரி விதை ஒட்டியிருந்துச்சு.

சபை சிரிச்சு முடிக்கிற வரைக்கும் சடைச்சி பொறுத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் அந்தக் கத்தியை எடுத்து மாசிலாமணி கையில வச்சா.

"எருமைக்கு ஈடு இந்தக் கத்தின்னு நீரே சொல்லிட்டீரு. ரெண்டு எருமை வேண்டாம், ஒண்ணு போதும். கத்தியை எடுத்துக்கிடும், எருமையை விடும்."

ராசா தொடையைத் தட்டி, தீர்ப்பு அதுதான்னார்.

அப்ப என் கத்திக்கு என்ன வழின்னு முப்பிடாதி முன்னாடி வந்துட்டா. அடுப்புல எண்ணெய் காயுது, பாதிக் கத்தரிக்காய் அப்படியே கிடக்கு, கத்தி இல்லாம நான் என்ன பண்ணன்னா. ராசா வானத்து எஃகை எடுத்து, மனசே இல்லாம அவகிட்டக் குடுத்தார். குடுத்துட்டு, உன் கத்தி என்ன எஃகு முப்பிடாதின்னு கேட்டார். யாருக்குத் தெரியும், ஒடைஞ்ச வண்டிச் சக்கரத்துப் பட்டையில அடிச்சதுன்னு சொன்னாங்க, அப்படின்னா. தினமும் காலையில தண்ணித்தொட்டிக் கல்லுப் படியில இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு இழுக்கேன், அதுக்குமேல ஒண்ணும் தெரியாதுன்னா.

"அப்ப எஃகு எல்லாம் பொய்யா?" ராசா குரல் பாவமா இருந்துச்சு.

"பொய் இல்லை மகாராசா. நாள் முழுக்கத் தோலுரிக்கிறவனுக்கு நடுவுல தீட்ட நேரம் கிடையாது, அவனுக்கு நல்ல எஃகு வேணும். எனக்கும் உங்களுக்கும் படி போதும்."

சொல்லிட்டு, வானத்து எஃகை வாசப்படியில எட்டு இழுப்பு இழுத்தா. எஃகுக்குக் கோபம் வரலை. மாசிலாமணி கையில மிச்சமிருந்த முடியில வச்சுப் பாத்தாங்க, வழவழன்னு போச்சு. நல்ல கத்திதான்னு சொல்லிட்டு, முப்பிடாதி அதை எடுத்துக்கிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போயிட்டா. அன்னையிலேருந்து ராசா தினமும் ஒரு தரம் அடுப்படிக்கு வந்து, கத்தரிக்காய் பாக்க வந்த மாதிரி கத்தியைப் பாத்துட்டுப் போவாராம். மத்த ரெண்டு கத்தியையும்கூட, வழக்குக்குச் சாட்சியா இருக்கட்டும்னு சொல்லி அவரே வச்சுக்கிட்டார்.

மாசிலாமணி அடுத்த ஊருக்குப் போனான், அதுக்கு அடுத்த ஊருக்குப் போனான், அதுக்கும் அடுத்த ஊருக்குப் போனான். அவன் போறதுக்கு முன்னாடி கதை போயிருச்சு. பொம்பளைங்க அவன் கையைப் பாத்தாங்க, அது பட்டை பட்டையா உழுது போட்ட கொல்லை மாதிரி இருந்துச்சு. ராசா சபையில சிரைச்ச கை இதுதானான்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சாங்க. ஒரு கத்தி விக்கலை. கடைசியில பெட்டியைப் போட்டுட்டு, முப்பிடாதி கத்தியை வச்சுக் கத்தரிக்காய் நறுக்கி, ஒரு சத்திரத்துல சமையல் பண்ணிப் பொழைச்சானாம். கத்தி நல்லா வெட்டுச்சாம்.

கோழியும் வெள்ளாடும் திரும்பி வந்துச்சான்னு கேக்காதீங்க. அது ரெண்டும் அவன் வயித்துக்குள்ள போயி ரொம்ப நாளாச்சு.

தீர்ப்பு ஆன கையோட பூவலிங்கம் குட்டியைத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்கு ஓடினான். சுட்டி இழுத்த இழுப்புல முளைக்குச்சியில முடிச்சு இறுகி, கல்லு மாதிரி ஆயிருந்துச்சு. மடி வீங்கி, பால் தானாச் சொட்டிக்கிட்டு இருந்துச்சு, ஆனா குச்சி பள்ளத்து ஓரத்துல இருந்ததால மடி பள்ளத்துப் பக்கம் இருந்துச்சு, குட்டியைக் கிட்டக் கொண்டுபோக முடியலை. கயித்தை அறுக்கணும். பூவலிங்கம் இடுப்பைத் தடவினான். இந்தப் பக்கம் தடவினான், அந்தப் பக்கம் தடவினான். ஒண்ணும் இல்லை. பழைய கத்தி வீட்டுல, மத்த மூணும் அரண்மனையில. பொறந்ததுலேருந்து அன்னைக்குத்தான் அவனுக்குக் கத்தி நிசமாவே தேவைப்பட்டுச்சு.

"கடியும்" அப்படின்னா சடைச்சி.

பூவலிங்கம் மண்ணுல முட்டி போட்டு, சாணி பட்ட கயித்தை வாயில கவ்வி, கடைவாய்ப் பல்லால மென்னு, இழுத்து, துப்பி, மறுபடியும் மென்னு, ஒரு வழியா முடிச்சை அவிழ்த்தான். சந்தையே நின்னு பாத்துச்சு. சுட்டி வந்து குட்டியை நக்குச்சு, குட்டி நடுங்கி நடுங்கி எந்திரிச்சு மடியை முட்டுச்சு. அது குடிக்கிற சத்தம் கேட்டதும் சடைச்சி சிரிச்சா. மூணு நாளைக்கு அப்புறம் அப்பத்தான் சிரிச்சா. பூவலிங்கம் வாயெல்லாம் நாரோட அவளைப் பாத்து, என்ன எஃகு ஏ பிள்ள என் பல்லு, அப்படின்னான்.

ஊருக்கு வந்து, நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னான். தன்னைப் பத்தின பகுதியை ரெண்டு தரம் சொன்னான். எலுமிச்சம்பழம் வெட்டுறவனுக்கு எஃகு எதுவா இருந்தா என்ன, தினமும் ஒரு கல்லுல நாலு இழுப்பு இழுத்தாப் போதும்னு சொன்னான். ஊரே ஒத்துக்கிட்டுச்சு. அடுத்த நாள் விடிஞ்சதும் குளத்துக்கரையில கூடி, எந்தக் கல்லு நல்ல கல்லு, ஆத்துக் கல்லா, மலைக் கல்லான்னு பேச ஆரம்பிச்சாங்க. பூவலிங்கம் அந்த வழியா எருமையை ஓட்டிக்கிட்டுப் போனான். நின்னு கேக்கணும்னு கால் இழுத்துச்சு. சுட்டி நிக்கலை, அதனால அவனும் நிக்கலை.

எருமை மேயப் போச்சு, கத்தியும் மடங்கிப் போச்சு, சொல்ல வந்த கதை இத்தோட சரியாப் போச்சு.